அஸீஸா மாட்டிய பெட்டரி

ஸைனுலாப்தீன் மௌத்தாகி, அடக்கம் முடிந்து இரண்டு மாதம் கழிந்த பிறகுதான், வீட்டு வாசல் போட்டிக்கோவில் நிற்கும் அவருடைய கார் ஓடாது என்பது மனைவி அஸீஸாவுக்குத் தெரியவந்தது.

கண்டுபிடித்தது கேதீஸ்வரி மிஸ். காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, சாய்ந்தமருதில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்கும் மருத்துவிச்சி அவர். அஸீஸாவின் ஒரே மகள் றிப்னாவுக்கு அப்போது எட்டாம் மாதம். மருமகன் முஸ்தாக் கட்டாரில் வேலை. வீட்டில் ஆணென்று யாருமில்லை.

“கார் நிக்குதே ராத்தா, ஓடுமா?” என்று கேட்டார் மிஸ். “நேரம் வந்த பொறகு ஓட்டோ தேடித் திரியேலாது.”

“ஓடும். நல்லாத்தானே நிண்டது” என்றாள் அஸீஸா.

சாவியை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிப் பார்த்தார் மிஸ். டிக் என்று ஒரு சத்தம். முன்பக்கத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் மங்கலாக எழும்பி அடங்கிவிட்டது. இரண்டாம் தடவை அந்தச் சத்தமும் வரவில்லை.

“பெட்டரி செத்துப் போச்சு. ரெண்டு மாசமா ஒருத்தரும் ஸ்டார்ட் பண்ணல்லையா?”

யார் ஸ்டார்ட் பண்ணுவது. அஸீஸா வெள்ளை உடுப்போடு கதவுக்கு உள்ளே நின்றாள். இத்தா. புருசனை இழந்த பெண் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. அவள் அதைக் கஷ்டமென்று நினைக்கவில்லை. உம்மாவும் இருந்தாள், மாமியும் இருந்தாள். ஆனால் அவர்கள் இத்தா இருந்தபோது வீடு நிறையச் சனம் இருந்தது. இங்கே ஜன்னல் சீலைக்கு வெளியே மெயின் ரோட்டில் பஸ் போகும் சத்தமும், மற்றப் பக்கம் கடல் இரைச்சலும்தான். பகல் முழுக்க இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. அஸீஸாவின் வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான் ஸைனுலாப்தீன். ஆனால் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் அவர்தான் ஏறவேண்டும். காஸ் சிலிண்டரை அவள் தொடக்கூடாது, மோட்டர் சுவிட்சைப் போடக்கூடாது. “விடு, நான் செய்யிறன்” என்பார். கோபமாக அல்ல, அன்பாகத்தான். அந்த அன்புக்குள் இருபத்தைந்து வருசம் இருந்து பழகிவிட்டாள்.

காரும் அப்படித்தான். லைசன்ஸ் எடுக்க வைத்தது அவரே. “படிச்சி வெச்சுக்க, தேவைப்படும்” என்று பயிற்சிக்கு அனுப்பினார். லைசன்ஸ் கையில் வந்த பிறகு சாவியைத் தரவில்லை. ஒரேயொரு தடவை, சாகாமம் குளத்துக்குப் போன அன்று, இரண்டு பக்கமும் வயலாகக் கிடந்த வெறும் ரோட்டில் அவளை ஓட விட்டார். பக்கத்திலிருந்து ஹேண்ட்பிரேக்கில் கையை வைத்தபடியே வந்தார். ஒரு உழவு இயந்திரம் எதிரே வந்ததும் “காணும், இறங்கு” என்றுவிட்டார்.

இப்போது அந்தப் பொறுப்பெல்லாம் அவருடைய மூத்த சகோதரர் சரீப் காக்காவின் கைக்குப் போயிருந்தது. கல்முனை பஜாரில் இருவரும் சேர்ந்துதான் டைல்ஸ் கடை நடத்தினார்கள். சரீப் கெட்ட மனிசன் இல்லை. தம்பி மௌத்தான நாளிலிருந்து கிழமைக்கொரு தடவை அரிசி, மீன், மரக்கறி எல்லாம் கேற்றடியில் இறக்கிவிட்டுப் போவார். கேற்றுக்கு வெளியே நின்று, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, “மச்சி, வேற என்னவும் வேணுமா?” என்று கேட்பார். உள்ளேயிருந்து அவள் “ஒண்டும் வேணாம் மச்சான்” என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில்.

அந்தக் கிழமை அவள் காரைப் பற்றிச் சொன்னாள்.

“நானும் அதத்தான் யோசிச்சன்” என்றார் சரீப். “வண்டி நிண்டா இப்பிடித்தான் பழுதாகும். திங்கக்கிழமை கடையிலிருந்து பெட்டரி மாட்டுற ஆளக் கூட்டிட்டு வாறன். மாட்டின கையோட வண்டிய நம்மட வளவுக்கு எடுத்துட்டுப் போறன். அங்க மகன் ஓடுவான், வண்டி நல்லா இருக்கும்.”

அஸீஸா சீலை இடுக்கால் காரைப் பார்த்தாள்.

“இஞ்ச ஓட ஆரு இருக்கா?” என்றார் அவர், பதில் வராததால்.

அவர் போன பிறகு றிப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கதிரையில் உட்கார்ந்தாள். “உம்மா, பெரியவாப்பா கார எடுத்தா திரும்பி வராது.”

“அவருக்கும் அதில பங்கிருக்கு மகள்.”

இருந்தது. ஆண்பிள்ளை இல்லாத இடத்தில் சகோதரனுக்கும் பங்குண்டு. அது மார்க்கம் சொன்னது, அஸீஸா அதை மறுக்கவில்லை. பங்கு பிரிப்பதென்றால் எல்லாரும் உட்கார்ந்து கதைத்துப் பிரிக்கட்டும். அவள் இத்தாவில், சீலைக்குப் பின்னால், ஒரு சொல் எதிர்த்துச் சொல்ல முடியாமல் இருக்கிற நேரத்தில் கார் கேற்றைத் தாண்டிப் போவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டரி செத்துக் கிடக்கும்வரை கார் அவளிடம் இருக்கும், ஆனால் உதவாது. ஆளைக் கூப்பிட்டு மாட்டினால் உதவும், ஆனால் அவளிடம் இருக்காது. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை பஜாரிலுள்ள ஒரு பெட்டரிக் கடைக்குக் கோல் எடுத்தாள். நஸீர் என்ற ஒருவர் கதைத்தார்.

“கார் என்ன மொடல் எண்டு சொல்லுங்க. ஆள் வீட்டுக்கு வந்து மாட்டித் தருவான், அதுக்குக் கொஞ்சம் கூட எடுப்பம். பழசையும் எடுத்துட்டு வந்துருவான்.”

“ஆள் வேணாம். சாமான மட்டும் தாங்க.”

“அப்ப ஆரு மாட்டுற?”

“வீட்டில மாட்டுவம்.”

“எங்கட ஆள் மாட்டினாத்தான் வாரண்டி ராத்தா. நீங்க பிழையா மாட்டி ஏதும் எரிஞ்சா நாங்க பொறுப்பில்ல. அதையும் சொல்லிப் போட்டன்.”

“சரி” என்றாள் அஸீஸா.

கொண்டுவர யார்? ஓட்டோக்காரர்கள் எல்லாரும் சரீபுக்குத் தெரிந்தவர்கள். கடைசியில் கேதீஸ்வரி மிஸ்ஸிடமே கேட்டாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் பகல், ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் பெட்டரியை வைத்து, இரண்டு முழங்காலாலும் அதை இறுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

“என்ன பாரம் இது. பிள்ளையள நிறுத்துப் பழகின எனக்கே கை நோகுது” என்றார். அவர் இன்னும் நாலு வீடு பார்க்க வேண்டும். பெட்டரியைப் போட்டிக்கோவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அஸீஸா பழைய படுக்கை விரிப்பொன்றை எடுத்து, ரோட்டிலிருந்து யாரும் பார்க்காதபடி கேற்றுக் கம்பிகளில் கட்டினாள். ஸைனுலாப்தீனின் ஸ்பெனர் பெட்டியைக் காரின் டிக்கியிலிருந்து எடுத்தாள். பொனட்டைத் திறக்கும் பிடி எங்கேயிருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. ஸ்டேரிங்குக்குக் கீழே தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். பொனட் தூக்கியதும், கல்யாணம் முடித்த மனிசனின் அலுமாரியை முதல் தடவையாகத் திறந்தது போல ஒரு கூச்சம் வந்தது.

போனில் ஒரு வீடியோ. அதில் வந்த ஆள் சொன்னது ஒன்றுதான் அவளுக்கு முக்கியமாகப் பட்டது: கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மைனஸ் பக்கம் இலேசாகக் கழன்றது. பிளஸ் பக்கம் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்து, நட்டு அசையவே இல்லை. கெற்றிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினாள். தூள் நுரைத்துக் கரைந்தது. ஸ்பெனர் வழுக்கி விரல் மடிப்புத் தோல் உரிந்தது. தலையில் போட்டிருந்த வெள்ளைத் தாவணியின் ஓரம் கறுப்பாகிவிட்டது. உள்ளே ஜன்னலடியிலிருந்து றிப்னா, “உம்மா, விடுங்க, பெரியவாப்பா ஆளக் கூட்டி வரட்டும்” என்றாள்.

“பேசாம இரி” என்றாள் அஸீஸா. மகளிடம் அப்படி அவள் கதைப்பதில்லை.

நட்டு கழன்றது. பெட்டரியை இறுக்கிப் பிடித்திருந்த கம்பியையும் எடுத்து, பழசை வயிற்றோடு அணைத்துத் தூக்கி நிலத்தில் வைத்தாள். புதிசை அந்தக் குழியில் இறக்கினாள். சரியாக இறங்கியது. பிளஸ் பக்கத்துச் சிவப்புக் கேபிளை இழுத்தாள். எட்டவில்லை.

இன்னும் இழுத்தாள். நாலு விரல் குறைந்தது. சிவப்புக் கேபிள் வந்து நிற்கும் இடத்தில் இருந்தது மற்ற முனை. அதில் மாட்டினால் அழகாகப் பொருந்தும். கறுப்பும் மற்றதில் பொருந்தும். கை அதில் போய்விட்டது. நட்டைக் கையில் எடுக்கும்போதுதான், புதிசின் மூடியில் அழுத்தியிருந்த அடையாளத்தைப் பார்த்தாள். அவள் கேபிள் வைத்திருந்த முனையில் மைனஸ் குறி. நிலத்தில் கிடந்த பழசைப் பார்த்தாள். அதில் பிளஸ் இடப்பக்கம், புதிசில் வலப்பக்கம். திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போது இரண்டு முனையும் மற்ற ஓரத்துக்குப் போய், ஒரு கேபிளும் எட்டவில்லை.

போட்டிக்கோச் சீமெந்தில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. ஸைனுலாப்தீனின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட இப்படிச் சத்தமாக அழவில்லை. கட்டிய விரிப்புக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பிறகு போகிற சத்தம் கேட்டது. வாயைத் தாவணியால் பொத்திக்கொண்டாள்.

நஸீருக்கு மீண்டும் கோல். “ஓ, உங்கடது மற்றப் பக்கத்து முனையா? ஒரே சைஸில ரெண்டு மாதிரி வரும் ராத்தா. எங்கட ஆள் வந்திருந்தாப் பார்த்திருப்பான்” என்றார். அதில் குத்தலும் இருந்தது, உண்மையும் இருந்தது. மாற்றித்தர மறுக்கவில்லை. கேதீஸ்வரி மிஸ் சனிக்கிழமை தன் லீவு நாளில் வந்து, அதே முழங்கால்களுக்கிடையில் அதைத் திருப்பிக் கொண்டுபோய், மற்றதைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை இறக்கும் முன்பே இருவரும் குனிந்து அடையாளத்தைப் பார்த்தார்கள்.

பிளஸ், பிறகு மைனஸ். பெட்டரியைப் பிடிக்கும் மேற்கம்பியை முறுக்கினாள். முறுக்கும்போது ஒரு நட்டு கை தவறி இஞ்சினுக்குள் விழுந்து தொலைந்தது. கம்பியை அந்தப் பக்கம் நைலோன் கயிற்றால் கட்டினாள். உள்ளே ஏறி, சாவியைத் திருப்பினாள். கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. ஏஸியிலிருந்து ஸைனுலாப்தீனின் அத்தர் வாசம் வந்தது. முன்னால் பூட்டிய கேற்று, விரிப்பு. அவள் இஞ்சினை ஓட விட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நிறுத்தினாள்.

திங்கட்கிழமை சரீப் ஆளோடு வந்தார்.

“மாட்டியாச்சு மச்சான்” என்றாள் அவள் உள்ளேயிருந்து.

“ஆரு மாட்டின?”

“நான்தான்.”

சரீப் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். “அப்ப வாரண்டி இல்ல” என்றார் கடைசியில். பிறகு, “சரி, சாவியத் தாங்க, வண்டிய எடுத்துட்டுப் போறன்.”

“சாவி இஞ்ச இருக்கட்டும். புள்ளைக்கு நேரம் கிட்டுது.”

“நேரம் வந்தா எனக்கு ஒரு கோல் எடுங்க. நான் வந்து ஏத்திட்டுப் போவன். நீங்களா ஓடப் போறீங்க, இத்தாவோட?”

உண்மையில் ஓடப்போவதாக அவளும் நினைக்கவில்லை. அவர் திரும்பிப் போனார். அன்றிலிருந்து கேற்றடியில் மீன் வரவில்லை; அரிசி மட்டும் வந்தது. “வேற என்னவும் வேணுமா” என்ற கேள்வியும் நின்றுவிட்டது.

றிப்னாவுக்குச் சொன்ன திகதிக்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன கையோடு பன்னீர்க்குடம் உடைந்தது.

அந்த நேரத்தில் இந்தக் கரையில் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். கடைகள் பூட்டு. ஓட்டோக்கள் பள்ளி மதிலோரம் வரிசையாக நிற்கும், ஓட ஆளிராது. அஸீஸா சரீபுக்குக் கோல் எடுத்தாள், போன் ஓஃப். ஒழுங்கை முனை ஓட்டோக்காரருக்கு எடுத்தாள், அதுவும் ஓஃப். கேதீஸ்வரி மிஸ்ஸுக்கு எடுத்தாள், அவர் கதைத்தார். தூரத்திலொரு கிளினிக்கில் நின்றார்.

“அம்புலன்ஸுக்கு எடுங்க. வரப் பிந்தினா நிண்டு பார்த்துட்டு இருக்காதீங்க ராத்தா. கார் இருக்குத்தானே?”

அம்புலன்ஸ் வேறொரு இடத்துக்குப் போயிருந்தது; கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். றிப்னா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

அஸீஸா வெள்ளை உடுப்புக்கு மேலே கறுப்பு அபாயாவைப் போட்டாள். முகத்தை மூடினாள். கேற்றிலிருந்த விரிப்பை அவிழ்க்க நேரமில்லை, இழுத்ததில் கிழிந்தது. மகளைப் பின் சீட்டில் சாய்த்து ஏற்றிவிட்டு, ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். கார் ஒழுங்கையில் இறங்கியபோது, பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு சீலை விலகியதைப் பார்த்தாள்.

மெயின் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கு முன்னாலும் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்களை நெருக்கி விட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கார் போகுமளவுதான் இடம். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம். உள்ளே இடமில்லாமல் வெளியே பாய் விரித்து இருந்தவர்கள் தலை திருப்பிப் பார்த்தார்கள். அவள் முதல் கியரிலேயே ஊர்ந்தாள். பின்னாலிருந்து றிப்னா, “உம்மா, சுறுக்கா” என்றாள். சுறுக்காகப் போக அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி எதிலாவது உரசும், யாராவது வந்து கதவைத் திறப்பான், இறங்கு என்பான் என்ற பயத்தில் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

ஆஸ்பத்திரிக் கேற்றில் முஸ்தாக்கின் உம்மா நின்றா. கல்முனைக்குடியில், ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தான் அவவின் வீடு. றிப்னா வழியில் கோல் எடுத்திருந்தாள். தள்ளுவண்டி வந்தது. அஸீஸா கதவைத் திறந்து ஒரு காலை நிலத்தில் வைத்தாள்.

“நீங்க இறங்காதீங்க மதினி” என்றா சம்பந்திக்காரி, சுற்றிவரப் பார்த்தபடி. “நான் கூட நிக்கிறன். ஒண்டுக்கு ரெண்டாக் கதைப்பாங்க.”

றிப்னாவும் “இருங்க உம்மா” என்று கையைக் காட்டினாள். அந்தக் கையைப் பிடிக்குமுன்பே வண்டி உள்ளே போய்விட்டது.

அஸீஸா காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினாள். காரைப் பூவரச மரத்துக்குக் கீழே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு இருந்தாள். வீட்டுக்குப் போகலாம், போக மனமில்லை. உள்ளே போகலாம், மார்க்கத்தில் தேவைக்கு இடமுண்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கதவின் பிடியை அவளால் மறுபடி இழுக்க முடியவில்லை. ஜும்மா முடிந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குள் வர வர, அவள் சீட்டில் இன்னும் கீழே சரிந்தாள். இஞ்சினை நிறுத்தினால் புழுக்கம். ஓட விட்டால் சத்தத்துக்கு ஆட்கள் பார்ப்பார்கள். நிறுத்திவிட்டு வேர்வையில் இருந்தாள். அப்படியிருந்துதான் போனில் சம்பந்திக்காரியின் குரலைக் கேட்டாள்: பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் நலம்.

அல்ஹம்துலில்லாஹ் என்றாள். கேட்க யாருமில்லை.

கொஞ்சத்தில் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். சரீப். அவர் வழக்கம்போல மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

“போன் ஓஃப்ல கிடந்திச்சு” என்றார். “பள்ளிக்கு வெளியால இருந்தவனுகள் சொல்லித்தான் தெரியும்.”

“ஓம் மச்சான்.”

“பின் சீட்டுக்குப் போங்க. நான் ஓட்டிட்டுப் போய் வீட்டில விடுறன்.”

அவள் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். சாவியைக் கொடுத்தால் இன்று வீட்டில் விடுவார். அவளை விட்டுவிட்டுக் காரோடு போவார்.

“நானே போறன்” என்றாள்.

சரீப் சத்தம் போடவில்லை. தன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, காருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, வா என்பதுபோல் கையை அசைத்தார். வழி முழுக்க அவர் முன்னால், அவள் பின்னால். அவர் வேகத்துக்கு மேல் போக முடியாது, விலத்தி முன்னால் போகவும் முடியாது. ஊர் முழுக்கப் பார்த்தது: மூத்தவர் கூட்டிக்கொண்டு போகிறார், தம்பி பொஞ்சாதி ஒழுங்காகப் பின்னால் போகிறாள். அவளுடைய மானத்துக்கு அவர் போட்ட மறைப்பு அது என்பது அவளுக்கு விளங்கியது. அதற்காக நன்றியும் வந்தது, எரிச்சலும் வந்தது. கார் போட்டிக்கோவில் நின்றதும், அவர் வெளியிலிருந்தே கேற்றை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

பிறகு வந்த பெண்கள் சிலர், இத்தா முறிந்துவிட்டது, முதலிலிருந்து இருக்க வேண்டும் என்றார்கள். பள்ளி மௌலவி, அப்படியொன்றுமில்லை, தேவைக்குப் போனது குற்றமில்லை என்று சொல்லியனுப்பினார். இத்தா முடிந்த பிறகு பங்கு கதைத்தார்கள். கடையில் தன் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் காரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள் அஸீஸா. கூடக் கொடுத்துவிட்டாள் என்றுதான் இன்றைக்கும் சொந்தக்காரர் சொல்கிறார்கள். அவளுக்கும் சில நாள் அப்படித் தோன்றுவதுண்டு.

ஆனால் அதற்கு முன் இத்தாவில் இன்னும் சில கிழமைகள் மிச்சமிருந்தன. றிப்னாவும் பிள்ளையும் உள்ளே தூங்கும் நேரம், அவள் வந்து காரில் ஏறுவாள். பெட்டரி இறங்கிவிடக் கூடாதென்று ஸ்டார்ட் பண்ணுவாள். முதல் கியரைப் போட்டு, கேற்றில் முட்டும் அளவுக்கு முன்னால் போவாள். பிறகு ரிவர்ஸ் போட்டுச் சுவர்வரை பின்னால் வருவாள். இரண்டு பாய் நீளம் இருக்கும் அந்த இடம். ஒன்றிலும் உரசாமல் போய்வரக் கற்றுக்கொண்டாள்.